குரூப் ஃபோருக்கு முன்னால் ஒரு ரேக்

நூலகர் என்று தெரிந்துவிட்டால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கட்டாயம் கேட்பார்: "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" ஜானகிராமன், அசோகமித்திரன் என்று ஏதாவது ஒரு பெயர் வரும் என்று முகத்தை அதற்குத் தோதாக வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் உள்ளதைச் சொல்வேன். லீவுக்குப் போன ஒரு பையன் கீழடியில் 2,600 வருஷத்துக்கு முந்தைய இன்னொரு பையனைச் சந்திக்கிற கதை, உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை', இரண்டாவது தடவையாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பேன். "ஓ, பசங்க கதையா" என்பார். பேச்சு வத்தக்குழம்புக்குப் போய்விடும்.

ஐம்பதை எட்டப்போகிறேன். முடி பாதி வெளுத்தாச்சு. கன்டெய்னர் லாரி போனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற வடசென்னைக் கிளை நூலகம் ஒன்றில் வேலை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. சமையலை முடித்துவிட்டு அன்றைக்கு நான் எடுத்து வைத்துக்கொள்வது பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயசுக்காரர்களுக்கு என்று எழுதிய கதைகள். வேலைக்குத் தேவை என்று பிடித்துக்கொண்ட பழக்கம் இல்லை, ஆசைதான். இந்தக் கதைகளில் ஒருத்தி முதன்முதலாக அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாள், ஒருவன் முதன்முதலாகக் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறான். பெரியவர்கள் நாவலில் இதெல்லாம் மூன்றாவது, நாலாவது தடவை நடக்கும். செய்கிறவருக்கே அலுத்துப் போயிருக்கும்.

நான் வளர்ந்தது திருவொற்றியூரில். அப்பாவுக்கு ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை. எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை, சங்கு ஊதினால் மணி தெரிந்துவிடும். அப்போதெல்லாம் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று எங்கே போனாலும் நூலகத்தைவிடப் படிப்பகம்தான் கண்ணில் படும். கொடிக்கம்பம், தலைவர் படம், ஒரு பெஞ்ச், இரண்டு பேப்பர், பக்கத்தில் கேரம் போர்டு. தொழிற்சங்கத்து அண்ணன்கள் அங்கே தலையங்கத்தைச் சத்தமாகப் படித்துச் சண்டை போடுவார்கள். பொம்பளைப் பிள்ளை போய் உட்கார முடியாது. எனக்கு வாய்த்தது பழைய பேப்பர் கடை. எடைக்கு வாங்கியதை எங்களுக்கும் எடைக்கே கொடுத்த நல்ல மனுஷர் அவர். அம்புலிமாமா, கோகுலம், அப்புறம் 1984-ல் வர ஆரம்பித்த பூந்தளிர்.

பூந்தளிரின் ஆசிரியர் வாண்டுமாமா. அரிமளத்துக்காரர், சொந்தப் பெயர் கிருஷ்ணமூர்த்தி. பெரியவர்களுக்கு எழுதும்போது கௌசிகன் என்று போட்டுக்கொள்வார். அதாவது குழந்தைகளுக்கு ஒரு பெயர், பெரியவர்களுக்கு ஒரு பெயர். நடுவில் நின்றுகொண்டிருந்த என் மாதிரிப் பிள்ளைகளுக்காக அவர் மூன்றாவதாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத காலம் அது.

அதனால் நாங்கள் தாவினோம். பூந்தளிர் சின்னதாகிப்போன அதே மாசம் ராஜேஷ்குமார் கையில் இருந்தார். இரண்டாம் பக்கத்தில் பிணம், பன்னிரண்டாம் பக்கத்தில் இன்னொரு பிணம், நடுவில் ஒரு காதல். அவரைக் கிண்டல் செய்கிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. ஒரு அத்தியாயத்தை எந்த இடத்தில் வெட்டினால் அடுத்ததைப் படிக்காமல் தூங்க முடியாது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், எல்லாரும் வாடகைக்குக் கிடைத்தார்கள். அண்ணன் கையில் முத்து காமிக்ஸ் இருக்கும். சிவகாசியில் 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்த வரிசை அது. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே வீட்டிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தபோது முதல் இதழ் மாடஸ்டியுடையது. யார் வந்து காப்பாற்றுவார்கள் என்று ஜன்னல் பக்கம் பார்க்காத ஒரு பெண்ணை நான் அதில்தான் பார்த்தேன். விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வந்தது. ஜீனோ என்கிற இயந்திர நாய் மனுஷர்களைவிட நியாயமாகப் பேசும். கதை நடப்பது 2021, 22-ல். போன வருஷம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் படித்துவிட்டு, "இது முடிஞ்சுபோச்சே மிஸ், ஏன் இன்னும் அந்த நாய் வரல?" என்றான். புத்தகத்தின் தேதி காலாவதியானதில் அவனுக்கு நிஜமாகவே கோபம்.

நூலக அறிவியல் படிக்கப் போனபோது ரங்கநாதன் வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்கிற விதிகளை 1931-லேயே எழுதி வைத்தார். அவருடைய கோலன் பகுப்பு முறையை நான் ஒரு புதிரைப் போடுகிற குஷியோடு படித்தேன். இலக்கியத்துக்கு ஓ. தமிழுக்கு 31. நாவல் என்றால் 3. அதற்குப் பிறகு எழுத்தாளர் பிறந்த வருஷம். 1800-களில் பிறந்தவருக்கு எம், 1900-களில் பிறந்தவருக்கு என். ஆக, 1899-ல் பிறந்த கல்கி எம்99, 1935-ல் பிறந்த சுஜாதா என்35. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்! எழுதியவர் எந்த வருஷம் பிறந்தார் என்று புத்தகத்தின் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். படிக்கிறவர் எந்த வருஷம் பிறந்தார் என்பதற்கு மட்டும் அதில் இடம் இல்லை. அது பகுப்பு முறையின் வேலையும் இல்லை, நூலகரின் வேலை. அந்த வேலையைத்தான் நாங்கள் ரொம்ப காலம் செய்யாமல் விட்டோம்.

கிளை நூலகத்தில் உட்கார்ந்தால் ஒரு விஷயம் சீக்கிரம் தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். தெனாலிராமன், படக்கதை, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு படிப்பார்கள். ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் காணோம். எட்டில் இன்னும் குறையும். பிறகு அதே முகம் இருபத்தோரு வயசில் மீசையோடு உள்ளே வரும், கையில் குரூப் ஃபோர் கைடு. "என்னப்பா, அடையாளம் தெரியுதா?" என்றால் சிரிப்பான். நடுவில் எங்கே போனான்? டியூஷன், கிரிக்கெட், ஃபோன், அப்பாவோடு போட்டுக்கு, அம்மாவோடு மீன் ஏலத்துக்கு, வெல்டிங் பட்டறைக்கு. எல்லாம் சரி. ஆனால் அவன் உள்ளே வந்தாலும் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஒரு பக்கம் முயல், ஆமை. இன்னொரு பக்கம் வாசிப்பு அறை முழுக்க மூச்சுவிடாமல் மாதிரி வினாத்தாள் போடுகிற அண்ணன்கள், அக்காக்கள். இடையில் ஒரு ரேக் கூட இல்லை.

பள்ளிக்கூடப் பத்திரிகையைப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறை நாலு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' கொண்டு வந்தது, ஆறிலிருந்து ஒன்பதுக்கு 'தேன்சிட்டு'. இரண்டும் நல்ல முயற்சி, பிள்ளைகள் எழுதுகிறார்கள், வரைகிறார்கள். ஒன்பதோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பு என்றால் கதை படிக்கக் கூடாது என்று ஊர் முழுக்க ஓர் எழுதாத சட்டம்.

எழுதின சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம், 1948-ல். வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரி என்று பத்து சதவீதம் சேர்ந்து போகிறதே, அது அந்தச் சட்டத்தால் வந்தது. பதினைந்து வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டிலும்தான் அதை வசூலிக்கிறோம்.

என்ன வாங்குவது என்று கிளை நூலகரிடம் கேட்க மாட்டார்கள். தேர்வெல்லாம் மேலே முடிந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஆனால் வந்ததை எந்த ரேக்கில் வைப்பது என்பது என் கையில் இருக்கிறது. அதனால் சிறுவர் பகுதியில் புதைந்து கிடந்ததையும் நாவல் பகுதியில் தொலைந்து கிடந்ததையும் பொறுக்கி, ஜன்னலோரம் காற்று வருகிற ஒரு ரேக்கில் அடுக்கினேன். தலைப்பு எழுதி ஒட்டவில்லை. 'இளையோர்' என்று எழுதி ஒட்டினால் ஒரு இளையோரும் பக்கத்தில் வர மாட்டார்.

என்னென்ன இருக்கிறது என்றால், முதலில் இரா. நடராசனின் 'ஆயிஷா'. கணையாழி குறுநாவல் போட்டியில் பரிசு வாங்கிய கதை. கேள்வி கேட்கிற ஒரு பெண், அடிக்கிற பள்ளிக்கூடம், அடி வலிக்காமல் இருக்க அவள் தன் உடம்பிலேயே செய்துபார்க்கிற சோதனை. சின்னப் புத்தகம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கதையைச் சொல்வது ஓர் ஆசிரியை என்பதால், டீச்சர்கள் இதைத் தங்களைப் பற்றிய புத்தகம் என்று படித்து அழுகிறார்கள். பிள்ளைகள் அழுது நான் பார்த்ததில்லை. திருப்பிக் கொடுக்கும்போது கோபமாகக் கொடுப்பார்கள். ஒருத்தி மேஜை மேல் 'டப்'பென்று வைத்துவிட்டு, "வேற எதுனா குடுங்க" என்றாள். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020-ல் பால சாகித்ய விருது வாங்கியது. தப்பாகத் தொடுகிற ஆளைப் பற்றி ஒரு சிறுமிக்கும் பேசுகிற மரப்பாச்சி பொம்மைக்கும் நடக்கிற கதை. இது எங்கள் பதிவேட்டில் அதிகம் இரவல் போன புத்தகம் கிடையாது. அட்டையில் ஏறினால் வீட்டில் அண்ணன் பார்ப்பான், கேள்வி வரும். அதனால் பெண் பிள்ளைகள் இங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறார்கள். மறுநாள் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று சமையல் குறிப்புப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். முதலில் நான் எடுத்து எடுத்து ரேக்கில் சேர்த்தேன். இப்போது அதன் இடமே சமையல் குறிப்புக்குப் பின்னால்தான்.

ஜெயமோகனின் 'பனிமனிதன்' இருக்கிறது. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. சிறுவர்களுக்கு என்று எழுதினாலும், மனுஷன் என்றால் யார் என்று கேட்டு உட்காரவைத்துவிடும். 'டோட்டோ சான்' இருக்கிறது, ரயில் பெட்டியில் நடக்கிற ஜப்பான் பள்ளிக்கூடம். ராயபுரத்தில் 1856-ல் கட்டிய ரயில் நிலையத்தைத் தாண்டிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு, ஓடாத பெட்டியை வகுப்பறை ஆக்குவது என்ன பெரிய காரியமா என்று தோன்றுகிறது. 2025-ல் விருது வாங்கிய விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வும் உண்டு. கல்கி நிச்சயம் உண்டு. 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு பிள்ளைகள் ஐந்து பாகத்தையும் தூக்கிக்கொண்டு போய், நந்தினி வருகிற அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு வந்தார்கள். படிக்கட்டுமே. வந்தியத்தேவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் கல்கி 1950-லேயே பதினாறு வயசு வாசகரை எதிரில் உட்காரவைத்து எழுதினார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் இந்த வயசுக்கு நூலகர் சங்கத்தில் தனிப் பிரிவே 1957-ல் ஏற்படுத்திவிட்டார்கள். அதற்கும் முன்னால் பால்டிமோர் நகரத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்று ஒரு நூலகர். உலகப் போர்க்காலத்தில் குதிரை வண்டி நிறையப் புத்தகத்தை ஏற்றி ஏழைகள் தெருக்களுக்குக் கொண்டுபோனவர். தன்னிடம் வேலைக்குச் சேர்கிறவர்கள் முதலில் இளையோர் புத்தகங்கள் முந்நூறு படித்தாக வேண்டும் என்று கறாராக இருந்தவர். குதிரை வண்டி விஷயத்தில் நாம் அவருக்கு முந்திக்கொண்டோம். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை ரங்கநாதன் துணையோடு மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டினார். முந்நூறு புத்தக விஷயத்தில்தான் பின்தங்கிவிட்டோம். நூலகர் வேலைக்கு வருகிற எத்தனை பேர் படிக்கிறோம்? ஸ்டாம்ப் அடிக்கிறோம், கணக்கு எழுதுகிறோம், புத்தகச் சந்தைக்கு பேனர் கட்டுகிறோம். கையில் இருக்கிற நாவலைத் திறந்தால் "மேடம் சும்மாதான் இருக்காங்க" என்று பேச்சு வரும்.

எஸ். இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-ல் வந்தது. பதினைந்து வயசில் எழுத ஆரம்பித்து, பதினெட்டு வயசில் புத்தகமாகப் பார்த்த பெண். ஊரின் ஏழைப் பகுதிப் பையன்களுக்கும் காசுக்காரப் பையன்களுக்கும் நடக்கிற சண்டை. ஒரு மழைக்கால மாலையில் கரன்ட் போய், வெளியே போக முடியாமல் நாலைந்து பத்தாம் வகுப்புப் பையன்கள் மாட்டிக்கொண்டார்கள். பேர்களை மட்டும் விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன். அப்பா அம்மா இல்லாமல் மூன்று அண்ணன் தம்பி, மூத்தவன் வேலைக்குப் போய் மற்ற இருவரையும் காப்பாற்றுகிறான், கடைக்குட்டிக்குப் படிப்பும் சினிமாவும் பிடிக்கும், ஒரு ராத்திரி பார்க்கில் கத்தி விளையாடிவிடுகிறது. பேச்சுமூச்சு இல்லை. குத்தியவன் பயந்தாங்கொள்ளிக் கூட்டாளிதான் என்று வந்ததும் ஒருவன், "தெரியும், எப்பவும் அவன்தான் மாட்டுவான்" என்றான். எந்த ஏரியா என்று கேட்டார்கள். ஓக்லஹோமா என்றேன். "எண்ணூருக்கு அந்தாண்டயா மிஸ்?" என்றான் கடைசியில் இருந்தவன். கேலியா, நிஜமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இங்கேதான் தமிழ் இளையோர் நாவல் மேல் எனக்கு ஒரு குறை. நிறைய வருகிறது, ஆசையாக எழுதுகிறார்கள், அட்டை பிரமாதம். ஆனால் பாதிக் கதையில் ஒரு தாத்தா வந்துவிடுகிறார். தாத்தா இல்லாவிட்டால் ஒரு நல்ல வாத்தியார், அல்லது வெளியூரிலிருந்து வந்த அறிவியல் மாமா. பிள்ளை குழம்பி நிற்கும்போது அவர் மூன்று பக்கம் விளக்குவார், பிள்ளை "அப்படியா தாத்தா!" என்று வியக்கும், சிக்கல் தீரும். பதினைந்து வயசுக்காரி "அப்படியா தாத்தா" என்று வியந்து நான் கண்டதில்லை. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வட்டி தெரியும், தவணை தெரியும், டீசல் விலை ஏறினால் போட்டு எத்தனை நாள் கரையில் நிற்கும் என்று தெரியும். காதல் தெரியும், அதனால் விழுகிற அடியும் தெரியும். கதைக்குள் வந்ததும் அவர்களைப் பத்து வயசு ஆக்கிவிடுகிறோம்.

இன்னொன்று, எங்கள் ஊர். 'மெட்ராஸ்', 'வட சென்னை', 'சார்பட்டா பரம்பரை' என்று சினிமா இந்தப் பக்கம் நிறைய வந்துவிட்டது. கத்தியும் குத்துச்சண்டையும் பார்த்தாச்சு. புத்தகத்தில் கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' இருக்கிறது, பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்' இருக்கிறது. பெரியவர்களுக்கான புத்தகங்கள்தான், ஆனால் 'நான்காம் சுவ'ரை நான் பதினோராம் வகுப்புக்குத் தாராளமாகக் கொடுக்கிறேன். தன் தெருப் பேச்சு அச்சில் வருவதைப் பார்க்கிற முகத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று, கத்தி இல்லாமல், சொந்த மூளையால் ஒரு சிக்கலிலிருந்து வெளியே வருகிற நாவல்தான் இன்னும் என் கைக்கு வரவில்லை.

சிக்கலுக்கா பஞ்சம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தது, வலையும் போட்டும் கறுத்துப் போயின. அந்த மாசமே 26-ம் தேதி ராத்திரி, உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிய, நெஞ்சு அடைக்க, கைக்குழந்தையோடு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். இதை எத்தனையோ அறிக்கையில் எழுதியாகிவிட்டது. அறிக்கையில் பதினைந்து வயசு யாருக்கும் இருக்காது.

அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு, ஜன்னலோர ரேக்கின் நிரந்தர வாடிக்கை. லாங் சைஸ் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும், நானாகக் கேட்கவில்லை. போன வாரம் அவளே வந்து, அந்த ராத்திரியைப் பற்றிய கதை, ஆறாவது அத்தியாயம் வந்துவிட்டது என்றாள். பன்னிரண்டாம் வகுப்பில் இதெல்லாம் எழுதலாமா என்று நான் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் வாய் சும்மா இருக்காதே, "தாத்தா யாராச்சும் வர்றாரா?" என்று கேட்டுவிட்டேன்.

"வர்றாரு மிஸ். ஆனா அவரும் எங்ககூடதான் ஓடுறாரு. அட்வைஸ் பண்ண அவருக்கு மூச்சு எங்க இருக்கு?"